சுவர்வாழ் உயிரின் தரப்பு

மனித குலத்தின் கருணை எந்த இடத்தில் தன் உச்சியைத் தொட்டது என்று பிற்காலத்தில் யாராவது ஆராய்ச்சி செய்யக் கிளம்பினால், அவர்கள் மருத்துவமனை, அநாதை இல்லம் என்று வீணாக அலைய வேண்டாம். நேராகக் குடியிருப்பு வாரியத்தின் மூன்றாம் மாடிக் கூட்ட அறைக்கு வந்துவிடலாம். லிஃப்ட் வேலை செய்யாது, படியேறித்தான் வர வேண்டும். உச்சி என்றால் சும்மாவா?

உணர்வு என்று ஒன்று துளிகூட இல்லாத உயிருக்கும் மதிப்பு உண்டு என்று அந்த அறையில்தான், ஒரு திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பாதிப் பேர் கண்ணயர்ந்திருந்த புனித வேளையில், ஏகமனதாக முடிவானது. அந்த முடிவுக்கு வார்த்தை கொடுத்த புண்ணியவானை எல்லோரும் வாசகம் என்று கூப்பிடுவார்கள். பெற்றோர் வைத்த பெயர் வேறு. இது வாரியம் வைத்தது. புகார் மனுக்களுக்குப் பதில் எழுதுவது அவர் வேலை. கூரை ஒழுகுகிறது என்று ஒருவர் எழுதினால், "தங்கள் உணர்வை வாரியம் முழுமையாகப் புரிந்துகொள்கிறது" என்று பதில் எழுதி, கூரையை அப்படியே ஒழுக விடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அந்த வருஷம் வாரியத்துக்குச் சோதனைக் காலம். அடுக்குமாடி வீடுகளில் சுவருக்குள் ஓடும் குழாய்கள் ஒவ்வொன்றாகக் கசிந்தன. சுவரில் ஈரம் இறங்கியது. ஈரத்தில் பூசணம் பிடித்து, கறுப்பும் பச்சையுமாக வீட்டுக்கு வீடு படர்ந்தது. தரைத்தளத்தில் புகார்ப் பிரிவு வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்கே போய்விட்டது. எல்லாக் குழாயையும் மாற்ற என்ன ஆகும் என்று பொறியாளர் சொன்னபோது, தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தபின் மாட்டிக்கொள்ளவில்லை. தொகை மங்கலாகத் தெரிவதே உடம்புக்கு நல்லது என்று பட்டிருக்க வேண்டும்.

பிறகு தலைவர் வெளிநாட்டில் ஒரு மாநாட்டுக்குப் போனார். கழிவுநீர் பற்றிய மாநாடுதான். ஆனால் போனவர் கதவு மாறிப் பக்கத்து அரங்குக்குள் நுழைந்துவிட்டார். ஏசி நன்றாக இருந்ததால் அங்கேயே உட்கார்ந்தார். "உணர்வற்ற உயிர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோமா?" என்று மேடையில் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். தலைவர் தூங்கிப்போனார். கைதட்டலில் விழித்தபோது ஆள் மாறியிருந்தார். ஞானம் வந்தவர்கள் பலரும் அப்படித்தான் விழித்திருக்கிறார்கள். ஊர் திரும்பும்போது அந்த மேடைப் பேச்சாளரையே "அறநெறி ஆலோசகர்" என்ற பதவியில் கையோடு கூட்டிவந்தார்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் தலைவர் பொறியாளரைப் பார்த்துக் கேட்டார்.

"சுவத்துல இருக்கறது என்ன?"

"பூசணம் சார்."

"அதுக்கு உயிர் இருக்கா?"

"இருக்குங்க சார். இல்லாட்டி எப்படி வளரும்?"

"வலி தெரியுமா? சந்தோஷம், துக்கம்?"

"அதெல்லாம் ஒண்ணும் கிடையாது சார்."

"அப்ப தன்னோட கஷ்டத்தை வந்து சொல்ல முடியாது. வரிசையில நிக்க முடியாது. இப்படி ஒரு உயிரைச் சுரண்டுங்க, மருந்து அடிங்கன்னு தினமும் மனு வருது. நாம எந்தக் காலத்துல இருக்கோம்?"

அறை வெட்கித் தலைகுனிந்தது. சிலருக்கு அது தூக்கத்தில் குனிந்த தலை, இருந்தாலும் கணக்கில் சேர்ந்தது.

ஆலோசகர் நல்ல மனிதர். தான் சொல்வதை நம்புகிற அபூர்வப் பிறவி. அவர் எழுந்து விளக்கினார். "ஈரம் இருக்கற பக்கம் அது நகருது. வெயில் படற பக்கம் ஒதுங்குது. அதுக்குன்னு ஒரு நல்லது, கெட்டது இருக்கு. தனக்கு நல்லது நடக்குதுன்னு அதுக்குத் தெரியாம இருக்கலாம். தெரியலங்கறதுக்காக நல்லது நல்லது இல்லாம போயிடுமா?"

"அப்ப நான் காலைல பல் தேய்க்கறது?" என்றார் பொறியாளர். "வாய்க்குள்ள எவ்வளவு கிருமி."

ஆலோசகர் யோசிப்பதற்குள் தலைவர் குறுக்கிட்டார். "கொள்கை வாரியத்துக்குச் சொந்தமான சுவர்களுக்கு மட்டும். உங்க வாய் உங்க சொந்தப் பொறுப்பு."

அன்றைக்கே வாசகம் உட்கார்ந்து எழுதினார். பூசணம் என்ற சொல் இழிவானது என்று நீக்கி, "சுவர்வாழ் உயிர்" என்று போட்டார். கொள்கையின் முகப்புக்கு ஒரு வாக்கியம் கேட்டார்கள். "உணர்வு இல்லை என்பதால் உரிமை இல்லை என்றாகாது" என்று ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்தார். தலைவர் அதை இரண்டு முறை வாசித்து, கண்ணைத் துடைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வாக்கியம் சட்டம் போட்டு வாசல் கூடத்தில் தொங்கியது. அன்றிலிருந்து எல்லா மனுவுக்கும் ஒரே பதில் போனது: "தங்கள் புகாரில் குறிப்பிடப்படும் உயிரின் தரப்பு இன்னும் கேட்கப்படவில்லை." வாரியம் வெகுநாளைக்குப் பிறகு நிம்மதியாக மூச்சுவிட்டது.

வாசகத்தின் மகள்தான் விடவில்லை. விட முடியவில்லை.

வாரியத்தின் பணியாளர் குடியிருப்பில் ஒரு படுக்கையறை வீடு அவருக்கு. அந்த ஒரு அறையின் சுவரில் தரையிலிருந்து ஜன்னல் வரைக்கும் சுவர்வாழ் உயிர் குடியிருந்தது. மகள் மூன்றாம் வகுப்பு. அந்தக் கறையைக் குதிரை என்பாள். முதலில் தலை மட்டும் இருந்தது, பிறகு கால் வந்தது, இப்போது வால் முளைத்துக் கட்டில் பக்கம் வருகிறது. குதிரை வளர வளர அவளுக்கு இருமலும் வளர்ந்தது. ராத்திரி படுத்தால் நெஞ்சுக்குள் விசில் கேட்டது.

கொள்கை வந்த வாரம் அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது, மனைவி மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, பக்கெட்டில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தோசைக்கரண்டி மாதிரி ஒரு சுரண்டி.

"ஏய், நிறுத்து. அதைத் தொடாதே," என்றார்.

"ஏன், உங்க மாமனா?"

"இப்ப கொள்கை வந்திருக்கு. நானே எழுதினது. ஊருக்கெல்லாம் தொடாதேன்னு பதில் அனுப்பிட்டு, நம்ம வீட்டுல சுரண்டினா என் வேலை என்ன ஆகும்? வீடும் வாரியத்து வீடு."

மனைவி வாரிய அலுவலக வாசல் கூடத்தில் தொங்கிய வாக்கியத்தை ஏற்கெனவே வாசித்திருந்தாள். "உணர்வு இல்லாததுக்கு உரிமை உண்டுன்னு எழுதியிருக்கீங்க. சரி. உணர்வு இருக்கறவங்களுக்கு?"

"அதைப் பத்தி அந்த வாக்கியத்துல ஒண்ணும் வரல."

"எழுதினது நீங்க. இருமறது அவ," என்று சொல்லிவிட்டு, பக்கெட்டை அவர் கால்மாட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவர் கொண்டுபோய்ச் சாக்கடையில் ஊற்றினார். ஊற்றும்போது அங்கேயும் ஏதாவது உயிர் இருக்குமோ என்று ஒரு கணம் தயங்கியது உண்மை. கொள்கை சுவருக்கு மட்டும்தான் என்று நினைவு வந்ததும் ஊற்றினார்.

அடுத்த மாதம் மதிப்பாய்வுக் குழு வீட்டுக்கே வந்தது. வாரியச் சுவர்களிலேயே செழிப்பானது வாசகம் வீட்டுச் சுவர்தான் என்று ஆலோசகர் கண்டுபிடித்திருந்தார். அதற்கு "முன்மாதிரிச் சுவர்" என்று பட்டம் கிடைத்தது. தலைவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பொன்னாடை போர்த்த வந்தவர் மாதிரி சுவரையே பார்த்தார்.

"என்ன அடக்கம் பாத்தீங்களா. இவ்வளவு பெருசா வளந்திருக்கு, ஒரு வார்த்தை பேசல."

கட்டிலில் உட்கார்ந்திருந்த குழந்தை இருமினாள். ஆலோசகர் அன்போடு குனிந்து சொன்னார். "பாப்பா, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி இருமும்மா. காத்து அது மேல படுது."

வாசகம் மகளைத் தோளைப் பிடித்துத் திருப்பி உட்கார வைத்தார். அந்தக் காரியத்தைச் செய்தது தன் கைதான் என்று பின்னால் பல நாள் அவருக்கு நம்ப முடியவில்லை. மனைவி அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். குழுவுக்குத் தேநீர் வரவில்லை.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், பள்ளிக்கூடத்துக்குச் சட்டை பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோதே குழந்தைக்கு மூச்சு நின்று நின்று வந்தது. தோள்பட்டை இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கின. உதடு நீலம் பூத்தது. அப்பா என்று சொல்ல வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. வாசகம் அவளைத் தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் தெருவில் ஓடினார். அந்த ஓட்டத்தில் அவருக்கு ஒரு வாசகமும் தோன்றவில்லை.

டாக்டர் புகைமூட்டம் போலிருந்த மருந்தை முகமூடி வழியாக உள்ளே செலுத்தி, குழந்தையை ஆசுவாசப்படுத்தினார். சுவரைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டதும் பேனாவை மூடிவிட்டார். "மருந்து எழுதி என்ன பிரயோஜனம்? ஒண்ணு சுவத்தைச் சரி பண்ணுங்க, இல்ல வீட்டை மாத்துங்க. அந்த ரூம்ல இவ இந்த மழைக்காலத்தைத் தாண்ட மாட்டா."

வீடு மாற்ற வாசகத்தின் சம்பளத்துக்கு வழியில்லை. மனைவி அன்றைக்கே பையைத் தூக்கினாள்.

"எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். அண்ணி முகம் கொடுத்துப் பேச மாட்டா, தெரியும். ஆனா அங்க சுவரு காய்ஞ்சிருக்கு."

"எத்தனை நாளைக்கு?"

"அவங்க துரத்தற வரைக்கும். அதுக்குள்ள நீங்க யாரோட இருக்கப் போறீங்கன்னு முடிவு பண்ணிக்கங்க. எங்களோடயா, அதோடயா?"

வாசகம் முதல்முறையாக ஒரு மனு எழுதினார். வாழ்நாளெல்லாம் மனுக்களுக்குப் பதில் எழுதிய கைக்கு மனு எழுத வரவில்லை. "என் மகளுக்கு மூச்சு முட்டுகிறது" என்ற ஒரு வரிக்கு மேல் அவருக்கு ஓடவில்லை. அலங்காரமே இல்லாத அந்த வரியைத் தலைவர் கூட்டத்தில் வாசித்து, உதட்டைப் பிதுக்கினார்.

"உங்களுக்கே தெரியும் வாசகம். குழந்தைக்கு வாய் இருக்கு. அம்மா இருக்காங்க, டாக்டர் இருக்கார், நீங்க இருக்கீங்க. அதுக்கு யார் இருக்கா?"

"சார், அவளுக்கு வலிக்குது சார்."

"வலிக்குதுன்னு சொல்றவங்க எல்லாம் ஒரு தரப்பு. அவங்களுக்கு அதுல சுயநலம் இருக்கு. அது என்னைக்காவது வந்து வலிக்குதுன்னு சொல்லிச்சா? சொல்லல. நடுநிலையா இருக்கு. எதை நம்பறது?"

பொறியாளர் மேசைக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். ஆலோசகர் மட்டும் முகம் சுளித்து, "குழந்தையையும் பாக்கணும் இல்லையா," என்று தொடங்கினார். குழந்தையைப் பார்ப்பது அவர் பதவிக்கு உட்பட்டதல்ல என்று தலைவர் பணிவோடு நினைவூட்டினார். பிறகு தலைவருக்கு ஒரு பெருந்தன்மை பொங்கியது. மனுவை ஒரேயடியாகத் தள்ளாமல், அடுத்த வாரம் சுவர்வாழ் உயிரின் தரப்பையும் கேட்டு முடிவு செய்வோம் என்றார். அதன் சார்பில் பேச ஒரு காப்பாளர் வேண்டும்.

"நீங்களே இருங்க வாசகம். உங்களைவிட யார் அதோட நெருங்கிப் பழகியிருக்கா?"

இப்படியாக, மகளுக்கு எதிராகப் பூசணத்துக்காக வாதாடும் பாக்கியம் உலகத்தில் முதன்முதலாக ஒரு தகப்பனுக்குக் கிடைத்தது.

அந்த ஒரு வாரமும் அவர் தனியாகக் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். வீட்டில் சத்தமில்லை. குதிரை வாலை நீட்டிக்கொண்டே வந்தது. அதன் மேல் அவருக்குக் கோபம் வரவில்லை, அது என்ன செய்யும் பாவம். அது பாட்டுக்கு வளர்கிறது. அவருக்குத் தன் மேல்தான் கோபம் வந்தது. எத்தனையோ வருஷமாகத் தான் எழுதிய பதில்கள் நினைவுக்கு வந்தன. மூட்டு வலி, படியேற முடியவில்லை என்று வந்தவர்கள். கழிவறை நாற்றத்தில் சாப்பிட முடியவில்லை என்று வந்தவர்கள். உணர்வைப் புரிந்துகொள்கிறோம், உணர்வைப் புரிந்துகொள்கிறோம். வாரியம் யாருடைய உணர்வையாவது புரிந்துகொண்டது என்றால் அந்த ஆள் தொலைந்தான் என்று அர்த்தம். அதைப் புரிந்துகொண்டதும் வாசகம் எழுந்து முகம் கழுவினார்.

தரப்பைக் கேட்கும் நாளன்று கூட்ட அறை நிறைந்திருந்தது. தலைவர் கனிவோடு கேட்டார். "காப்பாளரே, உங்க தரப்பு என்ன சொல்லுது? ஒண்ணும் சொல்லாது, அதுதானே அதோட மகிமை."

வாசகம் எழுந்தார். "சொல்லுது சார்."

"என்ன?"

"வலிக்குதுன்னு சொல்லுது."

அறையில் தூங்கியவர்கள்கூட விழித்தார்கள். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "அதுக்குத்தான் உணர்வு கிடையாதே."

"அப்படித்தான் நாம நெனச்சோம் சார். கூடவே இருந்து பாத்தேன். எல்லாம் தெரியுது. நமக்கு மேலேயே தெரியுது. ஒரே ஈரமா இருக்கு, குழாயைப் பாக்கக் கூடாதான்னு கேக்குது. பூச்சு தரமில்ல, காலு வைக்க முடியலன்னு வருத்தப்படுது. வாரியத்துக்குப் பொறுப்பு இல்லையான்னு கேக்குது."

"பொறுப்பா?" என்றார் தலைவர்.

"ஆமா சார். அதோட, தனியாக் கேட்டா எடுபடாதுன்னு மத்த வீட்டுச் சுவர்ல இருக்கறதையும் சேத்துக்கப் போகுதாம். சங்கம் மாதிரி."

ஆலோசகர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அவர் கண்ணில் நீர். "இது பெரிய விஷயம். உணர்வு இல்லாதப்பவே இவ்வளவு மதிப்புக் கொடுத்தோம். உணர்வும் இருக்குன்னா அதோட மதிப்பு இன்னும் எத்தனை மடங்கு கூடும்."

"கூடுமா?" தலைவர் ஜன்னல் பக்கம் கையை நீட்டினார். கீழே வரிசை வழக்கம்போலத் தெருவில் நின்றது, சிலர் குடையோடு, சிலர் அதுவும் இல்லாமல். "அங்க நிக்கறவங்க அத்தனை பேருக்கும் உணர்வு இருக்கு. அவங்களுக்கு என்ன கூடிச்சு?"

சொல்லக்கூடிய பதில் ஒன்றுதான் இருந்தது, அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"நன்றி கெட்ட ஜென்மம்," என்றார் தலைவர். "வாய் இல்லாதவரைக்கும் தாங்கினேன். பொறியாளர், நாளைக்குக் காலைல அதைச் சுரண்டிடுங்க. எல்லா வீட்டுலயும். சங்கம் சேரறதுக்கு முன்னால."

"சுரண்டினா திரும்ப வரும் சார். ஈரம் இருக்கற வரைக்கும்."

"திரும்ப வந்து கேள்வி கேக்குமா? குழாயையும் மாத்துங்க. எவ்வளவு ஆனாலும் சரி."

பொறியாளர் வாசகத்தைப் பார்த்தார். வாசகம் பொறியாளரைப் பார்க்கவில்லை. பார்த்தால் சிரிப்பு வருமோ அழுகை வருமோ என்று நிச்சயமில்லை.

மறுநாள் விடிந்ததும் ஆட்கள் சுரண்டிகளோடு இறங்கினார்கள். அத்தனை நாள் மனிதர்கள் கெஞ்சி நடக்காதது ஒரே வாரத்தில் நடந்தது. சுவரை உடைத்துப் பழைய குழாயை எடுத்துப் புதியது போட்டார்கள். மருந்து அடித்தார்கள். பூச்சுப் பூசி, வெள்ளை அடித்தார்கள். ஆலோசகர் மட்டும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். முன்மாதிரிச் சுவரிலிருந்து ஒரு துணுக்கை மாத்திரை டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டார். துக்கம் கொண்டாடியவர் அவர் ஒருவர்தான். வாசல் கூடத்தில் அந்த வாக்கியம் இன்னும் தொங்குகிறது. அதில் வாரியம் இன்றுவரை ஒரு எழுத்தைக்கூட மீறியதில்லை.

வெள்ளை காய்ந்ததும் மனைவி மகளோடு திரும்பி வந்தாள். சுவரை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள். கையை முகர்ந்து பார்த்தாள். பிறகு அடுப்படிக்குப் போய் வாசகத்துக்குத் தேநீர் போட்டாள்.

மகள் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, குதிரை இருந்த இடத்தைத் தேடினாள். அவள் மூச்சு சத்தமில்லாமல் போய் வந்தது. வாசகம் அதையே கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"சுரண்டறப்ப அதுக்கு வலிச்சிருக்குமாப்பா?"

"இல்ல கண்ணு. அதுக்கு ஒண்ணும் தெரியாது."

"அப்ப ஏன் சுரண்டினாங்க?"

"வலி தெரியும்னு நான் சொன்னேன். நம்பிட்டாங்க."

அவள் வெள்ளைச் சுவரில் வால் இருந்த இடத்தை விரலால் தடவினாள்.

"எனக்கு மூச்சு முட்டுதுன்னு நானும்தான் சொன்னேன். அதை அவங்க நம்பலியா?"

வாசகம் அவள் தலையைக் கோதினார்.

"நம்பினாங்கம்மா," என்றார். "அதனாலதான் உன் பக்கம் திரும்பிப் பாக்கல."